புள்ளி வைக்காத இடத்தில் இணைப்பு இல்லை

உயர்நிலை மூன்றில் மின்சுற்று வரைந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. வெட்டும் இடத்தில் ஒரு கரும்புள்ளி வைத்தால் இரண்டும் இணைந்திருக்கின்றன என்று பொருள். புள்ளி இல்லையென்றால் ஒன்று மற்றதைக் கடந்து போகிறது, அவ்வளவுதான். என் வகுப்பில் ஒரு மாணவர் புள்ளி வைக்க மறந்து இரண்டு மதிப்பெண்ணை இழந்தார். தாளைத் தூக்கிக்கொண்டு வந்து, “கோடு ரெண்டும் தொட்டுக்கிட்டுத்தானே இருக்கு சார்?” என்று சண்டை பிடித்தார்.

அதே சண்டை இப்போது உலகெங்கும் உள்ள மின்விநியோக நிறுவனங்களின் கணினிகளில் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே போவது இரண்டு மதிப்பெண் மட்டுமல்ல. ஒரு வட்டாரமே இருண்டு போகலாம். குழிக்குள் இறங்கிய ஓர் ஊழியரின் உயிரும் போகலாம். இந்த வாரம் அந்தக் கதையைப் பார்ப்போம். தேக்காவிலிருந்து தொடங்கலாம்.

காலடியில் இன்னோர் ஊர்

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து பஃபலோ சாலைப் பக்கமாக வெளியே வாருங்கள். பூச்சரம், காய்கறி, இறைச்சி, புடவை என்று கண் நிறையக் கடைகள். தீபாவளி நேரமென்றால் சிராங்கூன் சாலை நெடுக விளக்கு அலங்காரம். தமிழ்நாட்டிலிருந்து வந்த என் பெரியப்பாவை ஒருமுறை இங்கே அழைத்து வந்தேன். மற்றவர்கள் நகைக்கடையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் வானத்தைப் பார்த்தார். “ஏம்ப்பா, இவ்வளவு வெளிச்சம் இருக்கு, ஒரு கரண்டு கம்பத்தைக்கூடக் காணோமே?”

சிங்கப்பூரின் மின்கட்டமைப்பு ஏறக்குறைய முழுவதும் மண்ணுக்கடியில் இருக்கிறது. மின்நிலையங்களிலிருந்து வரும் மின்சாரம் 400, 230, 66 கிலோவோல்ட் கேபிள்களில் நெடுந்தூரம் போகிறது. பிறகு 22 கிலோவோல்ட்டுக்கும் 6.6 கிலோவோல்ட்டுக்கும் இறக்கப்படுகிறது. கடைசியில் உங்கள் வீட்டுப் பிளக்கில் 230 வோல்ட். இந்தப் படிகளை இறக்கித் தருபவை 10,000க்கும் மேற்பட்ட துணைமின்நிலையங்கள். உங்கள் வீவக புளோக்கின் கீழேயோ கார்நிறுத்துமிடத்தின் ஓரத்திலோ பூட்டிய கதவும் ‘அபாயம்’ என்ற பலகையுமாக ஓர் அறை இருக்குமே, அதுவும் ஒன்று.

மிக உயர்ந்த மின்னழுத்தக் கேபிள்களுக்குத் தனிச் சுரங்கமே உண்டு. கேம்பஸ் அவென்யூ பக்கமிருந்து தெற்கு நோக்கி ஒன்று, ஆயர் ராஜாவிலிருந்து பாய லேபார் பக்கம் ஒன்று. இரண்டும் சேர்ந்து சுமார் 35 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 60 மீட்டர் ஆழம். 20 மாடி புளோக் ஒன்றைத் தலைகீழாக மண்ணுக்குள் செருகினால் அதன் உச்சி எங்கே முட்டுமோ, ஏறக்குறைய அந்த ஆழம்.

தேக்காவுக்கு இந்தக் கதையில் ஒரு பழைய பங்கும் இருக்கிறது. லிட்டில் இந்தியாவை ஒட்டிய மெக்கன்சி சாலையில்தான் டிராம் வண்டிகளுக்கான மின்நிலையம் இருந்தது. 1906இல் அங்கிருந்து வந்த மின்சாரத்தில்தான் ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் சாலை, போட் கீ ஆகிய இடங்களில் நகரின் முதல் மின் தெருவிளக்குகள் எரிந்தன. பின்னர் நகராட்சி தானே மின்சாரம் உற்பத்தி செய்தது. 1963இல் பொதுப் பயனீட்டுக் கழகம் வந்தது. 1995இல் மின்சாரமும் எரிவாயுவும் தனி நிறுவனமாகப் பிரிந்தன. அதுதான் இன்றைய எஸ்பி குழுமம். இத்தனை கைகள் மாறினாலும் மண்ணுக்குள் புதைத்த கேபிள் அதே இடத்தில்தான் கிடக்கும். ஆனால் அது எங்கே கிடக்கிறது என்ற குறிப்பு? அது தாளிலிருந்து கணினிக்கும், ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கும் பயணம் செய்தாக வேண்டும்.

வரைபடத்துக்குள் ஓர் அட்டவணை

அந்தக் குறிப்புகளை வைத்திருக்கும் கணினி அமைப்புக்குப் புவியியல் தகவல் முறை என்று பெயர். சுருக்கமாக ஜிஐஎஸ். வெளியிலிருந்து பார்த்தால் வரைபடம், உள்ளே திறந்தால் அட்டவணை. திரையில் ஒரு கோட்டைத் தொட்டால் அது எந்தக் கேபிள், எத்தனை வோல்ட், செம்பா அலுமினியமா, எந்த ஆண்டு பதித்தது என்ற விவரங்கள் வரும்.

இந்த அட்டவணையில் என்னென்ன பத்திகள் இருக்கலாம், எது எதோடு எப்படி உறவுகொள்ளலாம் என்ற சட்டதிட்டத்தைத் தரவு மாதிரி என்கிறார்கள். உங்கள் பள்ளியில் மாணவர் விவரப் படிவம் இருக்கிறதல்லவா? அதில் ‘தந்தை’, ‘தாய்’ என்று இரண்டே கட்டங்கள் இருந்தால், பாட்டியிடம் வளரும் பிள்ளை என்ன செய்வார்? தந்தை என்ற கட்டத்தில் பாட்டியின் பெயரை எழுதிவிட்டு, பக்கத்தில் பென்சிலால் ‘பாட்டி’ என்று குறிப்பார். படிவத்தைத் தயாரித்தவர் நினைத்துப் பார்க்காத ஒன்றை வாழ்க்கை கொண்டுவந்துவிட்டது. தரவு மாதிரி பழையதாகிப்போவது இப்படித்தான்.

மின்கட்டமைப்பைப் பதிவு செய்ய உலகின் பல நிறுவனங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்திவந்த மாதிரிக்கு ‘வடிவியல் வலையமைப்பு’ என்று பெயர் சொல்லலாம். அமெரிக்காவின் எஸ்ரி நிறுவனத்தின் மென்பொருளில் வந்தது. அதன் விதி எளிமையானது: ஒரு கோட்டின் முனையும் இன்னொரு கோட்டின் முனையும் வரைபடத்தில் ஒரே இடத்தில் இருந்தால் அவை இணைந்தவை. என் மாணவர் சொன்ன அதே வாதம். தொட்டுக்கொண்டிருக்கிறதல்லவா, போதும்!

சிக்கல் எங்கே வருகிறதென்று பாருங்கள். ஒரு துணைமின்நிலையத்தின் உள்ளே போங்கள். சிறிய அறை, அதற்குள் ஏழெட்டுக் கேபிள் முனைகள், சுவிட்ச்கள், ஒரு மின்மாற்றி. நகர வரைபடத்தில் அந்த அறையே ஒரு புள்ளிதான். எல்லாக் கேபிளையும் அந்தப் புள்ளியில் கொண்டுவந்து சேர்த்தால் எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்துவிடும். சேர்க்காமல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு இணைந்ததுபோலத் தெரியும், கணினிக்கு அது அறுந்த கேபிள்.

மின்மாற்றி இன்னும் மோசம். அதற்கு உயரழுத்தப் பக்கம் ஒன்று, தாழழுத்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு முகம். பழைய மாதிரியில் அது ஒற்றைப் புள்ளி. 22 கிலோவோல்ட் கேபிளும் 400 வோல்ட் கேபிளும் ஒரே புள்ளியில் வந்து முட்டும். எது எந்தப் பக்கம் என்று வரைபடம் சொல்லாது. வரைந்தவருக்குத் தெரியும், அனுபவம் உள்ள தொழில்நுட்பருக்குத் தெரியும். அவர் ஓய்வு பெற்றுவிட்டால்?

புதிய மாதிரி, ‘பயனீட்டு வலையமைப்பு’ என்று பொருள்படும் பெயரில் 2018இல் வெளிவந்தது. பழைய மென்பொருளுக்கான ஆதரவை 2026 மார்ச் மாதத்தோடு முடித்துக்கொள்வதாக எஸ்ரி அறிவித்ததால், பல நாட்டு மின், எரிவாயு, தண்ணீர் நிறுவனங்கள் வீடு மாற்றும் குடும்பங்கள்போல ஆகிவிட்டன. சாமான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். உடைந்ததையும் பழசையும் என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டும்.

புதிய வீட்டில் சட்டம் கடுமை. மின்மாற்றிக்கு இரண்டு ‘முனையங்கள்’ உண்டு. கேபிள் எந்த முனையத்தில் சேர்கிறது என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எது எதோடு சேரலாம் என்பதற்கு முன்கூட்டியே விதிகள் எழுதப்பட்டிருக்கும். விதியில் இல்லாததை, உதாரணமாக 22 கிலோவோல்ட் கேபிளைத் தாழழுத்த முனையத்தில் சேர்ப்பதை, அது பிழையென்று காட்டிவிடும். ஓர் அறைக்குள் சுவிட்ச் இருக்கிறது என்றால் ‘இந்த அறை இந்தச் சுவிட்சை உள்ளடக்குகிறது’ என்று தனியே ஓர் உறவு எழுதலாம். இரண்டு கருவிகள் வரைபடத்தில் தள்ளித் தள்ளி இருந்தாலும் ‘இவை இணைந்தவை’ என்று எழுதலாம். அதாவது புள்ளி வைக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சொல்லும் உண்டு. நீங்கள் வரைபடத்தில் எதையாவது மாற்றினால், சரிபார்க்கும்வரை அந்த இடத்தை அந்த மென்பொருள் ‘அழுக்குப் பகுதி’ என்று கோடிட்டு வைத்திருக்கும். வீட்டுப்பாடத்தைத் திருத்தாமல் ஒப்படைக்கும் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு வசதி இருந்தால் நன்றாக இருக்கும்.

எண்ணிக்கை சரி, வரைபடம் தவறு

சாமானை மாற்றும் வேலை எப்படி நடக்கும்? முதலில் பழைய பத்தி ஒவ்வொன்றும் புதிய வீட்டில் எந்தப் பத்திக்குப் போகிறது என்று நீண்ட அட்டவணை போடுவார்கள். கேட்பதற்கு அலுப்பான வேலை. ஆனால் பாதிப் பிரச்சினை இங்கேதான் வெளிச்சத்துக்கு வரும். ‘குறிப்பு’ என்ற பத்தியில் பலர் பல ஆண்டுகளாக மனம்போல எழுதியிருப்பார்கள்: அலுமினியம், 185, பாதி மாற்றப்பட்டது, வரைபடம் பார்க்கவும் என்றெல்லாம். எந்த வரைபடம்? ஒரே வகைச் சுவிட்சுக்கு நான்கு விதமான எழுத்துக்கூட்டல் இருக்கும். ஆண்டு தெரியாத கேபிளுக்கு யாரோ ‘1900’ என்று போட்டிருப்பார்கள். கணினி அதை நம்பி, நூறு வயதைத் தாண்டிய கேபிள் என்று எச்சரிக்கும்.

அடுத்து ஒத்திகை. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட முடியாது. சிறு பகுதியை எடுத்து மாற்றிப் பார்ப்பார்கள், பிழைகளை எண்ணுவார்கள், மூலத்திலேயே திருத்துவார்கள், மறுபடி மாற்றுவார்கள். இப்படிப் பல சுற்று. இதற்கிடையில் ஊர் சும்மா இருக்குமா? புதிய புளோக் எழும்பும், சாலையைத் தோண்டுவார்கள், கேபிளை நகர்த்துவார்கள். கடைசி மாற்றத்தின்போது மட்டும் சில நாட்களுக்கு வரைபடத்தில் யாரும் கைவைக்காமல் நிறுத்தி, அந்த நாட்களில் நடந்த வேலைகளை வரிசையில் காத்திருக்கவைத்துப் பிறகு சேர்ப்பார்கள்.

எல்லாம் முடிந்தபின், சரியாக வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய பதிவுகளின் எண்ணிக்கையும் புதிய பதிவுகளின் எண்ணிக்கையும் ஒன்றா என்று பார்க்கலாம். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அது போதாது. வகுப்பில் 40 பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டால், எல்லாரும் அவரவர் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆகிவிடுமா?

அடுத்த சோதனைக்குத் ‘தடம் பிடித்தல்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு மின்மூலத்திலிருந்து கிளம்பி, கேபிள் வழியே போய்க்கொண்டே இருந்தால் எந்தெந்தக் கட்டடம் வரும்? பழைய வரைபடத்தில் ஒருமுறை, புதியதில் ஒருமுறை. இரண்டு பட்டியலும் ஒன்றாக இருந்தால் நல்லது. இங்கேதான் சிங்கப்பூரின் கட்டமைப்பு ஒரு வேடிக்கை காட்டுகிறது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பல நாடுகளில் தெருவுக்கு வரும் மின்சாரம் மரம்போலக் கிளைவிடும். அடிமரம், கிளை, சிறுகிளை, இலை. ஒரு கிளை முறிந்தால் அதன் இலைகளுக்கெல்லாம் மின்சாரம் போய்விடும். சிங்கப்பூரின் 22 கிலோவோல்ட் கட்டமைப்பு அப்படியில்லை. அது மூடிய வளையம். பெரிய துணைமின்நிலையத்திலிருந்து கிளம்பும் கேபிள், பல சிறு நிலையங்களைத் தொட்டுக்கொண்டு போய், அதே பெரிய நிலையத்துக்குத் திரும்பி வந்துவிடும். இப்படிப் பல வளையங்கள். மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு பொட்டு, சுற்றிலும் இதழ்கள். பொறியாளர்கள் இதை இதழ் அமைப்பு என்றே சொல்கிறார்கள். ஓரிடத்தில் கேபிள் பழுதானால் அந்தத் துண்டின் இரு முனையிலும் உள்ள சுவிட்ச்கள் தாமாகவே திறந்துகொள்ளும், மற்ற நிலையங்களுக்கு மறுபக்கமிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். பழுது நடந்ததே உங்களுக்குத் தெரியாது. சிங்கப்பூரில் ஒரு வாடிக்கையாளர் ஓராண்டில் மின்சாரமின்றி இருக்கும் நேரம் சராசரியாக ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்றால் அதற்கு இந்த வளையமும் ஒரு காரணம்.

இப்போது தாளில் வரையுங்கள். ஒரு மூலம், ஐந்து சிறு நிலையங்கள். மொத்தம் ஆறு புள்ளிகள். வளையமாக இணைத்தால் எத்தனை கோடுகள்? ஆறு. சரி, தரவு மாற்றும்போது ஒரு கோடு தொலைந்துவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கோடுகள் மீதம். மூலத்திலிருந்து தடம் பிடித்துப் பாருங்கள். ஐந்து நிலையங்களுக்கும் போய்ச் சேர முடிகிறதா? முடிகிறது! பழைய பட்டியலிலும் ஐந்து, புதிய பட்டியலிலும் ஐந்து. சோதனை தேறிவிட்டது. கேபிள் ஒன்று காணாமல் போனது யார் கண்ணிலும் படவில்லை.

இதைப் பிடிக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. கோடுகளின் எண்ணிக்கையிலிருந்து புள்ளிகளின் எண்ணிக்கையைக் கழித்து ஒன்றைக் கூட்டுங்கள். எல்லாம் இணைந்திருக்கும் வலையில், இந்த விடை அதில் எத்தனை தனித்தனி வளையங்கள் உண்டென்று சொல்லும். ஆறு கழித்தல் ஆறு, கூட்டல் ஒன்று: ஒரு வளையம். கோடு தொலைந்தபின் ஐந்து கழித்தல் ஆறு, கூட்டல் ஒன்று: சுழி. வளையம் மறைந்துவிட்டது! 1736இல் லியோனார்ட் ஆய்லர் என்ற கணித மேதை, கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றையும் ஒரே ஒருமுறை கடந்து வர முடியுமா என்ற புதிரை ஆராய்ந்தபோது, தூரத்தையும் திசையையும் தூக்கி எறிந்துவிட்டு எது எதோடு இணைந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்தார். அங்கிருந்து வளர்ந்த கணிதம்தான் இது.

வளையத்தில் இன்னொரு தலைவலியும் உண்டு. மரத்தில் ‘மேல்பக்கம்’ எது என்று கேட்டால் சொல்லிவிடலாம், அடிமரம் இருக்கும் பக்கம். வளையத்தில் நடுவே நிற்கும் நிலையத்துக்கு மேல்பக்கம் எது? இரண்டு பக்கமும்தான். அதனால் புதிய மாதிரியில் ஒவ்வோர் அடுக்கும் மரமா வலையா என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். தவறாக அறிவித்தால் கணினி தரும் விடைகள் எல்லாம் கோணலாகிவிடும்.

தொலைந்த அந்த ஒரு கோடு ஏன் அவ்வளவு முக்கியம்? நிலையம் ஒன்றில் பழுதுபார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் அதற்கு ஒரே வழியில்தான் மின்சாரம் வருகிறது. அந்த வழியை அடைக்கிறார்கள். ஆனால் வரைபடத்தில் இல்லாத மறுவழி மண்ணுக்குள் உயிரோடு இருக்கிறது. இதற்காகத்தான் வரைபடம் என்ன சொன்னாலும், மின்சாரம் இல்லை என்று கருவி வைத்துச் சோதித்து, நிலத்தோடு இணைத்த பிறகே கம்பியில் கைவைக்க வேண்டும் என்பது மின்பணியாளர்களின் விதி. அந்த விதி இருப்பதால் வரைபடம் தவறாக இருக்கலாம் என்றில்லை. இரண்டு பூட்டுப் போட்ட கதவில் ஒன்றைத் திறந்தே வைப்பதா?

மண்ணுக்குள் ஓர் எதிரொலி

இணைப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். இடம் என்ற ஒன்று இருக்கிறதே.

சிங்கப்பூர் நில அளவைக்கு 2004 முதல் எஸ்விஒய்21 என்ற ஆயத்தொலை முறை பயன்படுகிறது. அதன் மையம் தீவின் நடுவில், வடக்கே 1 பாகை 22 கலை, கிழக்கே 103 பாகை 50 கலை என்ற இடத்தில். அந்த மையத்துக்குச் சுழி, சுழி என்று மதிப்பு கொடுக்காமல் கிழக்கே 28,001.642 மீட்டர், வடக்கே 38,744.572 மீட்டர் என்று கொடுத்திருக்கிறார்கள். ஏன் இந்த விசித்திரம் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மையத்துக்குச் சுழி கொடுத்தால் தீவின் பாதிக்கு எதிர்ம எண்கள் வரும். ஒரு கழித்தல் குறியை எழுத மறந்தால் துவாசில் இருக்க வேண்டியது சாங்கியில் போய் நிற்கும். இப்படிப் பெரிய எண்ணைக் கொடுத்துவிட்டால் சிங்கப்பூரில் எங்கும் கழித்தல் குறியே தேவையில்லை. லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையம் சுமார் கிழக்கே 29,800, வடக்கே 32,100 என்ற இடத்தில் வரும். அது மையத்திலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆயத்தொலை முறை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், கேபிளைப் புதைத்த நாளில் அளந்தவர் அங்கிருந்த சாக்கடை ஓரத்திலிருந்து ‘ஒன்றரை மீட்டர்’ என்று எழுதியிருந்தால் அந்தச் சாக்கடை இன்று அங்கே இருக்க வேண்டும். சாலையை அகலப்படுத்தியிருப்பார்கள், சாக்கடை நகர்ந்திருக்கும். கேபிள் நகரவில்லை. ஆழமோ பல பழைய வரைபடங்களில் எழுதப்படவே இல்லை. தட்டையான தாளில் ஆழத்துக்கு ஏது இடம்?

தோண்டாமல் பார்க்க ஒரு வழி, தரை ஊடுருவும் ரேடார். மின்காந்த அலையை மண்ணுக்குள் அனுப்பி, எதிலாவது பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறதென்று அளப்பது. வௌவால் செய்யும் வேலை, ஒலிக்குப் பதில் ரேடியோ அலை. கணக்கைப் பாருங்கள். காற்றில் ஒளியின் வேகம் ஒரு நானோவினாடிக்கு 30 சென்டிமீட்டர். ஓரளவு ஈரமான மண்ணில் அது மூன்றில் ஒரு பங்காக, 10 சென்டிமீட்டராகக் குறையும். எதிரொலி 20 நானோவினாடியில் வந்தால், போய்வந்த தூரம் 200 சென்டிமீட்டர், ஆழம் 1 மீட்டர். ஆனால் நேற்றிரவு நல்ல மழை. மண் நன்றாக ஊறிவிட்டது, வேகம் நான்கில் ஒரு பங்காகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 20 நானோவினாடிக்கு ஆழம் 75 சென்டிமீட்டர்தான். மண்ணின் ஈரத்தைத் தவறாகக் கணித்தால் 25 சென்டிமீட்டர் பிழை. மண்வாரி இயந்திரத்தின் பல்லுக்கு அந்த 25 சென்டிமீட்டர் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பிரச்சினைகளை எல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு 2017இல் சிங்கப்பூர் நில ஆணையம், சிங்கப்பூர்-இடிஎச் நிலையம், ஸூரிக் நகரின் நில அளவைத் துறை மூன்றும் சேர்ந்து ‘மின்னிலக்க நிலத்தடி’ என்ற திட்டத்தைத் தொடங்கின. மின்சாரம், தண்ணீர், எரிவாயு, தொலைத்தொடர்பு என்று ஆளுக்கொரு வரைபடம் வைத்திருந்தால் போதாது, நம்பகமான முப்பரிமாண வரைபடம் வேண்டும் என்பது அதன் நோக்கம். எனக்குப் பிடித்தது, அதில் ஒவ்வொரு பதிவும் எவ்வளவு நம்பத்தகுந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்ற எண்ணம். குழி திறந்திருக்கும்போதே அளந்ததா, ரேடாரில் பார்த்ததா, பழைய தாளிலிருந்து எடுத்ததா? ஆய்வுக்கூடத்தில் அளவோடு பிழை வரம்பையும் எழுதுங்கள் என்று நான் உங்களைப் படுத்துவது இதற்காகத்தான்.

2021 அக்டோபரில் எரிசக்திச் சந்தை ஆணையமும் எஸ்பி குழுமமும் தேசிய மின்கட்டமைப்புக்கு ‘மின்னிலக்க இரட்டை’ ஒன்றை உருவாக்கும் முயற்சியை அறிவித்தன. அதில் இரண்டு பகுதிகள். ஒன்று, துணைமின்நிலையங்கள், மின்மாற்றிகள், கேபிள்கள் ஆகியவற்றின் உடல்நிலையைக் கவனிப்பது. இன்னொன்று, கட்டமைப்பில் மின்சாரம் எப்படி ஓடும் என்று பாவனை செய்து பார்ப்பது. 2030க்குள் 60,000 மின்வாகன மின்னூட்ட இடங்கள் என்பது நாட்டின் இலக்கு. உங்கள் புளோக்கின் கார்நிறுத்துமிடத்தில் ஒரே மாலையில் இருபது கார்கள் மின்னூட்டத்துக்குச் செருகினால் கீழே உள்ள மின்மாற்றி தாங்குமா? வீவக கூரைகளில் சூரியத் தகடுகள் வேறு. பகலில் மின்சாரம் மேலிருந்து கீழே வந்து சேர்கிறது. பழைய வரைபடங்கள் வாடிக்கையாளரை வாங்குபவராக மட்டுமே கற்பனை செய்தன. கூரையில் ஒரு மின்நிலையம் உட்கார்ந்திருக்கும் என்று யாரும் கட்டம் போட்டு வைக்கவில்லை. பாட்டியின் கதைதான்!

இந்தக் கதையைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அவர் ஊரில் எந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எந்தத் தெருவுக்கு லைன் போகிறது என்பது லைன்மேனின் தலைக்குள் இருந்ததாம். அவர் விடுப்பில் போனால் ஊரே காத்திருக்குமாம். இந்தியாவில் 2008இல் திருத்தி அமைக்கப்பட்ட மின்சார மேம்பாட்டுத் திட்டம் ஒன்றின் முதல் பகுதியே, 30,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களில் ஒவ்வொரு கம்பத்தையும் டிரான்ஸ்ஃபார்மரையும் ஜிஐஎஸ்ஸில் ஏற்றி, எந்த வீடு எதிலிருந்து மின்சாரம் பெறுகிறது என்று பட்டியலிடுவதுதான். தமிழ்நாட்டு நகரங்களும் அதில் இருந்தன. கம்பம் கண்ணுக்குத் தெரிகிற ஊரிலேயே இவ்வளவு வேலை என்றால், எல்லாவற்றையும் புதைத்துவிட்ட ஊரை நினைத்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் கூடும் அண்ணன்மார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் வாரம் முழுக்கச் செய்வது தோண்டும் வேலை. நம் சாலைக்கடியில் என்ன இருக்கிறதென்ற கேள்விக்குத் தவறான விடை கிடைத்தால் முதலில் அதன் பக்கத்தில் நிற்பவர்கள் அவர்கள்தாம். அதனால் சிங்கப்பூரில் யாரும் நினைத்தபடி மண்வாரியை இறக்கிவிட முடியாது. கேபிள் வரைபடத்தைப் பெற வேண்டும், உரிமம் பெற்ற கேபிள் கண்டறியும் ஊழியரை அழைத்துவர வேண்டும். அவர் கையிலிருக்கும் கருவி, மாறுதிசை மின்னோட்டம் கேபிளைச் சுற்றி உண்டாக்கும் காந்தப்புலத்தைக் கேட்டுக்கொண்டே நடக்கும். உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள அதே காந்தப்புலம்! பிறகு கவனமாகக் கையால் சிறு குழி தோண்டி, கேபிளைக் கண்ணால் பார்ப்பார்கள். இவ்வளவும் செய்யாமல் உயரழுத்தக் கேபிளைச் சேதப்படுத்தினால் பெருந்தொகை அபராதம், சிறை என்று சட்டம் காத்திருக்கிறது.

அடுத்தமுறை நடைபாதையில் வண்ணச் சாயத்தால் அம்புக்குறியும் எண்ணும் கிறுக்கியிருப்பதைப் பார்த்தால், யாரோ சிறுபிள்ளை வேலை என்று தாண்டிப் போய்விடாதீர்கள். கொஞ்சம் நின்று, கோடு எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். சாலைக்குள் மட்டும் இறங்க வேண்டாம்.

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை. ஒரு மூலத்திலிருந்து மூன்று இதழ்கள், ஒவ்வோர் இதழிலும் நான்கு நிலையங்கள் என்று வரையுங்கள். புள்ளிகள் எத்தனை, கோடுகள் எத்தனை, கணக்குப்படி மூன்று வளையங்கள் வருகின்றனவா? இப்போது நண்பரிடம் தாளைக் கொடுத்து, நீங்கள் பார்க்காதபோது ஒரே ஒரு கோட்டை அழிக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கையை மட்டும் கேட்டு, படத்தைப் பார்க்காமல், எந்த இதழில் அழித்தார் என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியாதென்றால், அவரிடம் இன்னும் என்ன கேட்க வேண்டும்? மிகக் குறைந்த கேள்விகளில் கண்டுபிடித்தவர் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டலாம்.